அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே

ஊரிலிருந்து,
மாசி 14

என் மகன் சுடலைக்குமாருக்கு, கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற உன் நெற்றியில் மனசாலேயே திருநீறு பூசிவிட்டு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் பெண்டாட்டி சுதாராணியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் சவுதி தம்மாமில் அப்படியே இருக்க நம்ம சுடலைமாடன் துணை நிற்பான். மிளகாய் இரண்டாம் பறிப்பு முடிந்து களத்தில் காய்கிறது, நிறம் நன்றாக ஏறியிருக்கிறது. மக்காச்சோளத்தைப் படைப்புழு பாதி தின்றது, மீதியைக் காட்டுப்பன்றி உழப்பிவிட்டது. உளுந்து மட்டும் கைவிடவில்லை. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, தைலம் தேய்த்தால் குறைகிறது என்கிறார், மறுநாள் காட்டுக்குப் போனால் திரும்ப வந்துவிடுகிறது. கருத்த மாடு சினையாக இருக்கிறது. நீ அங்கே வேர்வையோடு ஏசி ரூமுக்குள் போய்ப் படுக்காதே, தொண்டை கட்டிக்கொள்ளும்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பிள்ளை பெயரை எடுத்தவுடன் நீ விட்டுருங்கம்மா என்கிறாய், நான் அழுகிறேன், நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. நாகலாபுரம் சாமித்துரை லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், உன் கேம்ப்புக்குப் பக்கத்தில்தான் அவனுக்கும் இடமாம், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். எய்யா, சோலைராஜ் முதலாளி உனக்கு ஒரு தாள் அனுப்பியிருப்பதை சுதாராணி சொன்னாள். குழந்தை இயற்கையாக இறந்தது, யார் மேலும் குறை இல்லை, இனி எந்தப் புகாரும் கொடுக்க மாட்டோம் என்று பிள்ளையின் தகப்பன் என்கிற முறையில் நீ கையெழுத்துப் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் போஸ்டர் ஒட்டியதற்கு உன் அம்மா மேல் போலீஸ் கேஸ் வருமாம், நீயும் சரி என்று சொல்லிவிட்டாயாம். எனக்காகப் பயந்துதான் சொன்னாய் என்று தெரியும், அதனால் உன் மேல் கோபம் இல்லை. ஆனால் பேனாவை எடுக்குமுன் இதைக் கடைசி வரை படி. நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் உனக்கு எல்லாமே துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது. உன் மனசு உடைந்துவிடக் கூடாதென்று நானும் சிலதை மறைத்தேன். இன்றைக்கு மறைக்கப் போவதில்லை.

ஆவணி பத்தாம் தேதி காலையில் கோவில்பட்டியில் அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தாள். டாக்டர் யார் என்று உனக்குத் தெரியும், சோலைராஜ் முதலாளியின் கூடப் பிறந்த தம்பி. அவன் பெயரை இந்தத் தாளில் எழுத மாட்டேன், எழுதினால் என் கை நாறும். பிறந்த பிள்ளையைத் துடைத்துக் கையில் தந்தபோதே உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. டாக்டரிடம் கேட்டேன். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. உங்க குடும்பத்துல யாரு சிவப்பு, இது கரிசல் கலர்ப் பிள்ளைம்மா, உதடு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்ததால் கூட நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். சரி, டாக்டர் சிரிக்கிறாரே, பயப்பட ஒன்றும் இருக்காது என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். நீ போனில் பார்த்து செண்பகவல்லி என்று பெயர் சொன்னாய், தீட்டுக்கூடப் பார்க்காமல் அன்று சாயங்காலமே அம்மன் கோயிலில் போய் அந்தப் பெயருக்கு அர்ச்சனை செய்தேன்.

ஒன்பதாம் நாள் வீடியோவில் பார்த்துவிட்டு நீ கேட்டாய், என்னம்மா பிள்ளை உதடு நீலமா தெரியுதுன்னு. நான் என்ன சொன்னேன், அது போன் வெளிச்சம்லே என்றேன். எத்தனையோ மைல் தூரத்திலிருந்து கையகலப் போனில் நீ கண்டுபிடித்ததை, டியூப் லைட்டுக்குக் கீழே கையில் வைத்துக்கொண்டு அவன் பார்க்கவில்லை, நானும் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குள் பிள்ளை பால் குடிக்கும்போதே களைத்துப்போக ஆரம்பித்தாள். நாலு வாய் இழுப்பாள், தலை முழுக்க வேர்த்துவிடும், மூச்சு வாங்கும், அப்படியே தூங்கிவிடுவாள். சுதாராணி பயந்தாள். முதல் பிள்ளைக்கு எல்லாருக்கும் இப்படித்தான் தாயி என்று நான்தான் அவளை அடக்கினேன். ஆனாலும் பன்னிரண்டாம் நாளும் இருபத்திரண்டாம் நாளும் அவனிடமே தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு தடவையும் சளி என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தான். இரண்டாம் தடவை சுதாராணி, சார் நெஞ்சுல குழாய் வச்சுப் பாருங்க என்று கேட்டதற்கு, நீ டாக்டரா நான் டாக்டரா என்று கேட்டான்.

முப்பத்தெட்டாம் நாள் காலையில் அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு விறைத்துப்போனாள். உடம்பெல்லாம் ஊதா. கார் பிடித்து நேரே மதுரைக்குப் போனோம். அங்கே இருந்த பெண் டாக்டர் நெஞ்சில் ஸ்கேன் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் இரண்டும் பிறவியிலேயே இடம் மாறியிருக்கிறதாம். நல்ல ரத்தம் சுற்றிச் சுற்றி நுரையீரலுக்கே போகிறதாம், கெட்ட ரத்தம் உடம்புக்குப் போகிறதாம். இதற்கு ஆபரேஷன் உண்டாம். பிறந்து ரெண்டு வாரத்துக்குள்ள கொண்டு வந்திருந்தா நல்ல வாய்ப்பு இருந்துச்சும்மா, இப்ப நுரையீரலும் கெட்டுப்போச்சு, எங்க இருந்தீங்க இவ்வளவு நாளும் என்று கேட்டார். நாங்கள் எங்கே இருந்தோம், அவன் வாசலில்தான் இருந்தோம். மூன்று நாள் மூக்கிலும் வாயிலும் குழாயோடு கிடந்தாள். புரட்டாசி பத்தொன்பது மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்விட்டாள். நாற்பத்தோரு நாள்.

பால்குடிப் பிள்ளைக்குச் சடங்கு எதுவும் கிடையாது, ஓரமாய்ப் புதைத்துவிட்டு வரவேண்டியதுதான் என்று ஊரில் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. நம்ம காட்டிலேயே கிழக்கு வரப்புப் பொழியில் உன் அப்பா தன் கையாலேயே குழி தோண்டினார், முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் மண்வெட்டியை விடமாட்டேன் என்று ஒட்டியது, ஒவ்வொரு வெட்டுக்கும் கையால் வழித்துப் போட்டுப் போட்டுத் தோண்டினார். உனக்கு வீடியோவில் காட்டச் சொன்னார்கள், நான் வேண்டாம் என்றேன். அதற்கு என்னை நீ மன்னிக்க வேண்டும். தூக்கிக் கொஞ்சாத பிள்ளையின் மேல் மண் விழுவதை நீ பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

பதினாறாம் நாள் பிள்ளைக்குப் பால் தெளிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம், நர்ஸ் சந்தனமாரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பிரசவத்தன்று கூட இருந்தாளே, ஒல்லியாக, அவள்தான். வந்தவள் உட்காரவில்லை, தண்ணீர் வாங்கவில்லை. பிள்ளை பிறந்த அன்றே பாதத்தில் கிளிப்பு மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்த்தேன், தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது எண்பத்து நாலுதான் இருந்தது, மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் அதேதான், தாளில் எழுதி டாக்டரிடம் காட்டினேன், மெஷின் ரிப்பேரு, நீ வேலையப் பாரு என்று விரட்டிவிட்டார் என்று சொல்லித் தன் போனில் அந்தத் தாளின் படத்தைக் காட்டினாள். என் கை என் சொல் கேட்கவில்லை, அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். இத அன்னைக்கே எங்கிட்ட சொல்ல ஒனக்கு வாயி இல்லையாட்டி என்று கத்தினேன். அவள் கன்னத்தைப் பிடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இன்னொண்ணு அடிங்கம்மா, எனக்கு அதுக்கும் தகுதி இருக்கு என்றாள். அப்புறம் அவளையும் கூட்டிக்கொண்டுதான் காட்டுக்குப் போய்ப் பால் தெளித்தோம். படத்தை எங்களிடம் கொடுத்தது தெரிந்து அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், இப்போது ஓட்டப்பிடாரத்தில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள்.

அன்று சாயங்காலம் உன் அப்பா களத்தில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டினார். நீ அவரை அப்படிப் பார்த்ததில்லை, நானும் இருபத்தேழு வருஷத்தில் பார்த்ததில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் அரிவாளை எடுத்து உளுந்து மூட்டைக்குள் சொருகிவிட்டேன். வந்து தேடினார். எங்கட்டி வச்ச, எடு என்றார். எனக்கு அவன் மேல் இரக்கம் என்று நினைக்காதே. நான் அவரிடம் சொன்னது இதுதான்: அவன வெட்டிட்டு வந்தியன்னா நாளைக்குக் கோவில்பட்டி பூரா அவனுக்குல்லா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவாவ, நல்ல டாக்டரு போயிட்டாருன்னு ஊரே அழும், நம்ம பிள்ள செத்தத ஒரு நாதி பேசாது. அப்படிச் சொல்லிக்கொண்டே இருக்கும்போதுதான் எனக்குத் தோன்றியது, போஸ்டரை நாமே ஒட்டினால் என்ன என்று.

கோவில்பட்டியில் அச்சாபீஸ்காரர் முதலில் மறுத்தார். பெரிய ஆளுகளுக்கு அடிக்கிறது, பால்குடிப் பிள்ளைக்கு யாராவது கண்ணீர் அஞ்சலி அடிப்பாங்களா அக்கா என்றார். எம் பேத்தி எந்த ஆளுக்குக் கொறஞ்சவ என்று கேட்டேன். சுதாராணி போனில் இருந்த படத்தைக் கொடுத்தாள், பிள்ளை கொட்டாவி விடுகிற படம். அதற்குக் கீழே நான் சொல்லச் சொல்ல எழுதினார். செண்பகவல்லி, தோற்றம் ஆவணி 10, மறைவு புரட்டாசி 19, வாழ்ந்தது நாற்பத்தோரு நாள், பிறந்த அன்று ரத்தத்தில் ஆக்சிஜன் 84, கரிசல் கலர்ப் பிள்ளைக்கு உதடு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிய டாக்டருக்குக் குடும்பத்தார் நன்றி. அவன் பெயரைப் போடவில்லை. பெயர் எதற்கு, அவன் ஆஸ்பத்திரி எதிர்ச் சுவரில் ஒட்டினால் போதாதா.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் நானும் சுதாராணியும் மைதாப் பசை வாளியோடு போய் ஒட்டினோம். பிரசவம் ஆகி மூன்று மாதம் ஆகாத உடம்பு, நான் வரவேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பொம்பளைகள் போஸ்டர் ஒட்டுவதைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. மறுநாள் வாட்ச்மேன் கிழித்தார், நாங்கள் மறுபடி ஒட்டினோம். மறுபடி கிழித்தார், மறுபடி ஒட்டினோம். அப்புறம் நான் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் வாசல் வரை வருவார்கள், போஸ்டரை எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள், முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு ஆட்டோவைத் திருப்பச் சொல்வார்கள். உன்னிடம் மறைக்க மாட்டேன் எய்யா, எனக்கு இனித்தது. அவன் கார் வந்து நின்று, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, போஸ்டரைப் பார்க்காத மாதிரி உள்ளே போவதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கியது. அதற்கு முன்னால் ஒரு மாதமாக இறங்காத சோறு.

ஆஸ்பத்திரிக்காரர்கள் போலீசுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டேஷனில் இருந்த பெண் எஸ்.ஐ. நாற்காலி போட்டு உட்கார வைத்து, நர்ஸ் எழுதிய தாளின் படத்தையும் மதுரை ஆஸ்பத்திரிப் பேப்பரையும் இரண்டு தடவை வாசித்தார். போஸ்டர்ல பேரே இல்லையே, யாரும்மா இதத் தன்னயச் சொல்லுதாங்கன்னு வந்து புகார் குடுக்கிறது என்று கேட்டுவிட்டு, வாசல் வரை வந்து மெதுவான குரலில், செவுத்துல ஒட்டுனா மழைக்கு அழிஞ்சிரும், சென்னையில டாக்டருங்கள விசாரிக்கிற மெடிக்கல் கவுன்சில்னு இருக்கு, அங்க எழுதுங்க, அது அழியாது என்றார். கேஸ் வரும் கேஸ் வரும் என்று உன்னை மிரட்டினார்களே, அந்தக் கேஸின் லட்சணம் இவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் மார்கழியில் சோலைராஜ் முதலாளி தம்பியைக் கூட்டிக்கொண்டு நம்ம வீட்டுக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் நான் அவர் அப்பாவின் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள், அவர் நடந்து வந்தால் எழுந்து நின்றவள். அந்தப் பழக்கத்தில் அன்றும் எழுந்து நின்றுவிட்டேன், நின்றுவிட்டோமே என்று எரிச்சலாக வந்தது. நம்ம ஆபீஸ்ல வளந்த பிள்ளைதான நீ, என்ன வேணும்னாலும் கேளு முத்துசெல்வி, இத இத்தோட விட்ரு என்றார். எனக்கு ஒண்ணும் வேண்டாம் முதலாளி, ஒங்க தம்பி எம் பேத்தி பேரச் சொல்லட்டும் என்றேன். டாக்டர் அண்ணன் முகத்தைப் பார்த்தான். பாப்பா பேரு என்று இழுத்தான். தெரியவில்லை. மூன்று தடவை கையில் வாங்கிய பிள்ளை, இரண்டு மாதமாக அவன் எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் இருந்த பெயர், அவனுக்குத் தெரியவில்லை.

அப்போது உள்ளே இருந்து சுதாராணி வந்தாள். பிள்ளை போனதிலிருந்து வெளியாள் முன்னால் அவள் வாய் திறந்ததில்லை. வாங்க, அவ இருக்கிற எடத்துக்குப் போவோம் என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். மழை பெய்து கரிசல் களியாகக் கிடந்தது. பத்தடி போவதற்குள் அவன் ஷூ இரண்டும் மண்ணோடு போய்விட்டது, வெறுங்காலோடு வந்தான். பொழியில் நிற்க வைத்து அவள் சொன்னாள், எம் பிள்ள பேரு செண்பகவல்லி, நாப்பத்தோரு நாள் இருந்தா, நாளுக்கு ஒரு தடவையா நாப்பத்தோரு தடவை சொல்லிட்டுப் போங்க. சோலைராஜ் முதலாளி, என்னம்மா இது என்றார். உன் அப்பா கையில் ஒன்றும் இல்லாமல்தான் நின்றார், ஆனாலும் அவரைப் பார்த்ததும் முதலாளி ஓரமாய் விலகிக்கொண்டார். அவன் சொன்னான். சுதாராணி விரலை மடக்கி எண்ணினாள். பத்துப் பதினொன்று வரை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு போனான், இருபது தாண்டியதும் குரல் கம்மியது, முப்பதில் நின்றுவிட்டான். இன்னும் பதினொண்ணு இருக்கு என்றாள். முடித்தான். முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தான். பயத்தில் அழுதானா, அவமானத்தில் அழுதானா, நிஜமாகவே அழுதானா, எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. இனிமே ஒங்க ஆஸ்பத்திரியில பிறக்கிற ஒரு பிள்ளையும் பாதத்துல கிளிப்பு மாட்டிப் பாக்காம வீட்டுக்குப் போகக்கூடாது என்றாள். தலையை ஆட்டிவிட்டுப் போனான். நாற்பத்தொன்றும் முடிந்தால் என் ஆத்திரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை எய்யா. வீட்டுக்கு வந்து அவன் நின்ற காலடித் தடத்தை மண்ணள்ளித் தூர்த்துவிட்டு வரலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதம் முதல் வாரத்தில் கடம்பூரிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி கைப்பிள்ளையோடு வந்தார்கள். அந்தப் பெண் ஜெயப்பிரியா மாசமாக இருக்கும்போது நம்ம போஸ்டரை வாசித்திருக்கிறாள். பிள்ளை வேறு ஆஸ்பத்திரியில் பிறந்ததும், போஸ்டர்ல இருந்த பாப்பாவுக்குப் பாத்த மாதிரி எம் பிள்ளைக்கும் பாருங்கன்னு பிடிவாதம் பிடித்தாளாம். எழுபத்தொன்பது காட்டியதாம். அன்றைக்கே சென்னைக்குக் கொண்டுபோய் பத்தாம் நாள் ஆபரேஷன் முடிந்து, பிள்ளை பிழைத்துவிட்டான். நம்ம பிள்ளைக்கு இருந்த அதே கோளாறு. செண்பகவல்லிக்குப் படைக்க என்று போளி கொண்டு வந்திருந்தார்கள். சுதாராணி அந்தப் பிள்ளையை வாங்கி, சட்டையைத் தூக்கி, நெஞ்சில் இருந்த தையல் தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள். அவன் பாலை விடாமல் மடக்மடக்கென்று குடித்ததைப் பார்த்துச் சிரித்தாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் தொழுவத்துக்குப் போய்விட்டேன். எனக்குப் பொறாமை. யார் பெற்ற பிள்ளையோ, அவன் உதடு சிவப்பாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் போன பிறகு அந்தப் போளியைப் பொழியில் வைத்துவிட்டு வந்தேன், நான் ஒரு வாய் தின்னவில்லை. ஒரு பிள்ளை பிழைத்தது நல்லதுதான், அதற்காக என் பிள்ளையைக் கொன்றவனை விட்டுவிட முடியாது.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. நீ தாளில் கையெழுத்துப் போட்டால் அவன் மறுபடி சிரிப்பான். அந்தச் சிரிப்பை நீ கேட்டதில்லை, நான் கேட்டிருக்கிறேன். என்னைப் போலீஸ் பிடிக்குமே என்று நீ கவலைப்படாதே, பிடித்தால் கோர்ட்டிலும் பிள்ளை பெயரைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும். மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதுவதற்கு வேண்டிய பேப்பரெல்லாம் சேர்க்க இவ்வளவு நாள் ஆயிற்று, நர்ஸ் சந்தனமாரியும் சாட்சி சொல்வதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். நேற்றுக் காலையில் சுதாராணி குளித்து, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, அடுப்படியில் உட்கார்ந்து புகாரை நிரப்பினாள். நாங்களே கோவில்பட்டி போஸ்ட் ஆபீசுக்குப் போய் ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்துவிட்டு வந்தோம். புகார் போய்விட்டது, இனி அது திரும்ப வராது. அதில் தகப்பன் பெயர் எழுதுகிற இடம் ஒன்று இருந்தது. நீ முதலாளிக்குச் சரி சொல்லிவிட்டாய் என்பதால் அதை விட்டுவிடுவோமா என்று நான் அவளிடம் கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, சுடலைக்குமார் என்று முழுசாக எழுதினாள். எழுதிவிட்டுச் சொன்னாள், அவிய அந்தத் தாளுல கையெழுத்துப் போடமாட்டாவ அத்தை, எனக்குத் தெரியும்.

உனக்கு நீண்ட ஆயுசும் நிம்மதியான தூக்கமும் அம்மன் தரட்டும், உங்கள் இரண்டு பேருக்கும் அடுத்த பிள்ளை வரும்போது வரட்டும், அதற்கு அவசரமில்லை. சாமித்துரையிடம் மிளகாய் வத்தலும் உளுந்தும் கொடுத்திருக்கிறேன், வத்தலை இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுத்து வை. இதைப் படித்து முடித்ததும் முதலாளிக்கு அல்ல, சுதாராணிக்கு ஒரு போன் போடு. அவள் கேட்காமல் நீயாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
செண்பகவல்லியின் ஆச்சி,
முத்துசெல்வி